லாரி யந்திரத்தில் எண்ணெய் அழுத்தம் ஏறியிறங்குதல்: காரணம் காணும் முறை

திருப்பூர், பல்லடம், அவிநாசி, காங்கயம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமாந்தரங்களில், கிணற்றுப் பாசனத்தை மட்டும் நம்பியிராமல் கடன் பெற்று ஒற்றை லாரி வாங்கி ஓட்டி ஜீவனம் செய்யும் குடும்பங்கள் பல உண்டு. பஞ்சுப் பொதியும் நூல் மூட்டையும் பனியன் பெட்டியும் இத்தகைய வண்டிகளில் செல்கின்றன. வண்டி பட்டறையில் நின்றால் வாடகை நின்றுவிடும், தவணை நிற்பதில்லை. ஆதலால், முன்பலகையிலுள்ள எண்ணெய் அழுத்தமானியின் முள் ஒரு நிலையில் நில்லாமல் ஏறியிறங்கத் தொடங்கினால் வண்டிக்குடையவர் கலக்கமுறுவது இயல்பே. அக்கலக்கத்தில் சிலர் உடனே யந்திரத்தை இறக்கிப் பிரிக்கச் சொல்லிப் பெருஞ்செலவுக்கு ஆளாகின்றனர். வேறு சிலர், மானிதான் பழுது என்று தாமே முடிவு செய்து ஓட்டிச் சென்று கிராங்க் தண்டையே இழக்கின்றனர். முள் எவ்வாறு அசைகிறதென்பதை உற்று நோக்கினால் இவ்விரண்டு நஷ்டங்களையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

டிரைவர்கள் ஆயில் பிரஷர் என்று கூறுவது யாதென்பதை அறியக் கிணற்று மோட்டாரே போதுமான உதாரணமாகும். கோடையில் கிணற்று நீர் குறைந்து புட்வால்வு வெளிப்பட்டால் மோட்டார் நீரோடு காற்றையும் இழுக்கும். அப்போது குழாயில் நீர் விட்டுவிட்டுக் குதித்து விழும். நீர் போதிய அளவு இருந்தும் வாய்க்காலில் எலி வளைகள் மிகுந்திருந்தால், குதிப்பு இராது. ஆயினும் கடைமடைக்கு நீர் எட்டாது. யந்திரத்தினுள்ளும் இவ்வாறே. அடியிலுள்ள சம்ப் தொட்டி கிணறு. அதனுள் அமிழ்ந்திருக்கும் சல்லடை புட்வால்வு. பேரிங்குகளுக்கு எண்ணெய் செல்லும் துவாரங்கள் வாய்க்கால். முள் துள்ளுமாயின் எண்ணெய் இழுக்கும் பக்கத்தையும், துள்ளாமல் மெல்லத் தாழுமாயின் எண்ணெய் சென்று சேரும் பக்கத்தையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இவ்விரண்டிலும் சேராத ஒரு வகையும் உண்டு. முள் கண்ணிமைக்கும் நேரத்தில் முழு அளவுக்கும் பூஜ்யத்துக்கும் தாவுமானால், அல்லது விளக்குப் போடும்போதும் ஹாரன் அடிக்கும்போதும் மட்டும் அசையுமானால், அது மின் கம்பியின் கோளாறாகவே பெரும்பாலும் இருக்கும். பழைய லாரிகளில் எண்ணெயே ஒரு சிறு செப்புக் குழாய் வழியாக மானிவரை வந்து முள்ளைத் தள்ளியது. பிற்காலத்து வண்டிகளில் யந்திரத்தின் பக்கத்தில் திருகப்பட்ட சென்சார் ஒன்று மின்சாரத்தின் மூலம் செய்தி அனுப்புகிறது. சென்சாரின் இணைப்பில் எண்ணெய்க் கசிவோ, எர்த் கம்பியில் துருவோ ஏற்பட்டால் பொய்ச் செய்தி வரும். மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய, சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் துவாரத்தில் குழாயுடன் கூடிய சோதனை மானியைத் திருகிப் பார்ப்பதே நம்பத்தக்க வழியாகும். இம்மானி அதிக விலையுடையதன்று. ஓர் ஊரிலுள்ள லாரிக்காரர் நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான டீசல் லாரி யந்திரங்களில், நன்கு சூடேறியபின் ஓட்ட வேகத்தில் 3 முதல் 5 பார் வரையும், வண்டி நின்று யந்திரம் மெதுவாக ஓடுகையில் சுமார் 1 பாரும் காட்டும். வண்டியுடன் வந்த புத்தகத்தில் வேறு அளவு காணப்படின் அதுவே பிரமாணம். காலையில் குளிர்ந்த யந்திரத்தில் அழுத்தம் மிகுந்திருப்பது குற்றமன்று.

மானி மெய்யே சொல்கிறதென்று தெரிந்தபின், அடுத்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, யந்திரத்தை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் பார்ப்பது முறை. சத்தியமங்கலத்துக்கு அப்பால் 27 கொண்டையூசி வளைவுகளையுடைய திம்பம் மலைப்பாதையில் ஏறும் வண்டியில், எண்ணெய் குறைந்திருந்தால் ஒவ்வொரு வளைவிலும் முள் விழுந்து எழும். எண்ணெய் ஒரு புறமாகச் சாய்ந்து சல்லடை வெளிப்படுவதே காரணம். ஆனால், குறைவுக்கு அஞ்சி அளவுக்கு மேல் ஊற்றுவோரும் உளர். அளவு மிஞ்சினால் சுழலும் கிராங்க் எண்ணெயை அடித்து நுரையாக்கும். பம்பு நுரையை இழுக்கும். முள் முன்னிலும் அதிகமாகத் துள்ளும். ஊற்றாமலே எண்ணெய் உயர்ந்திருப்பின் அதைக் கண்டு மகிழலாகாது. டீசல் மணம் வீசினால் இன்ஜெக்டரோ டீசல் பம்பின் சீலோ ஒழுகுகிறது. மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. இவ்விரண்டு நிலைகளிலும் கசிவை அடைக்காமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது வீண்.

இனிக் கூறப்போவது இப்பிரதேசத்துக்கே உரிய ஒரு தொல்லை. திருப்பூர்த் தொழிற்சாலைகளில் கழியும் பனியன் வேஸ்ட் பட்டறைகளில் கை துடைக்கவும் உறுப்புக்களைத் துடைக்கவும் பயன்படுகிறது. மலிவானது, எண்ணெயை நன்கு உறிஞ்சுவது. ஆயினும் நூலிழைகளை உதிர்ப்பது. சம்ப் தொட்டியின் உட்புறத்தை அதனால் துடைத்து மூடினால், ஒட்டிக்கொண்ட இழைகள் நாளடைவில் எண்ணெயில் மிதந்து சல்லடையின் வாயில் படியும். கேஸ்கெட்டுக்கு வேண்டிய அளவுக்கு மேல் பூசிய பசையும் உள்ளே பிதுங்கித் துண்டு துண்டாக உதிர்ந்து அங்கேயே சேரும். இதன் அடையாளம் தனிப்பட்டது. திருப்பூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பெட்டிகளுடன் புறப்படும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். புறப்படுகையில் அழுத்தம் சரியாகவே இருக்கும். திண்டுக்கல் தாண்டி நெடுஞ்சாலையில் வேகமெடுத்துச் சிறிது நேரமானபின் முள் தள்ளாடித் தாழும். வண்டியை நிறுத்தி யந்திரத்தை அணைத்து டீ குடித்துவிட்டு மீண்டும் ஓட்டினால், ஒன்றுமே நடவாததுபோல் பழைய அளவு காட்டும். பம்பின் இழுப்பு நின்றதும் குப்பை சல்லடையை விட்டு நழுவியதே இதன் ரகசியம். இதைக் குணமாகிவிட்டதென்று எண்ணும் டிரைவர், கப்பல் தவறிவிடுமென்ற அவசரத்தில் மதுரைக்கு அப்பாலும் ஓட்டுவார். சம்பைக் கழற்றிச் சல்லடையைக் கழுவுவது ஒரு நாளைக்குள் முடியக்கூடிய வேலை. யந்திரத்தை இறக்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் நேராது. சம்ப் கழன்றிருக்கும்போதே இழுகுழாயின் இணைப்பில் காற்றுப் புகும் வெடிப்பு உண்டா என்பதையும், ரிலீப் வால்வு தூசியால் சிக்கியிருக்கிறதா, அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். துடைப்பதற்கு இழை உதிராத பழைய வேஷ்டித் துணி நல்லது.

மெல்லத் தாழும் வகைக்கு வருவோம். ஜின்னிங் பாக்டரிகளிலும் நூல் ஆலைகளிலும் பாரம் ஏற்றக் காத்திருக்கும் லாரியின் ரேடியேட்டரில் பஞ்சுத் துகள் படிந்து, சாலைப் புழுதியோடு சேர்ந்து கம்பளிபோல் மூடிக்கொள்ளும். டர்போ வண்டிகளில் காற்றுக் குளிர்விப்பான் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால், இரண்டுக்கும் இடையில் படிவது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. யந்திரம் மிகச் சூடேறினால் எண்ணெய் நீர்த்துப்போகும். சித்திரை வெயிலில் நெரிசலில் முள் தாழ்ந்து, திறந்த சாலையில் மீண்டும் ஏறும். யந்திரப் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். தவிர, எண்ணெயின் தரத்தையும் விசாரிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குட்பட்ட வண்டிகளில், புத்தகம் குறிப்பிடும் ரகமன்றி வேறு எதையும் ஊற்றலாகாது.

இவையெல்லாம் சரியாக இருந்தும், சோதனை மானியில் குளிர்ந்தபோது நல்ல அளவும் சூடேறியபின் மிகக் குறைவும் காணுமாயின், பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். அதற்கும் சாட்சியம் தேடாமல் யந்திரத்தைத் திறக்கலாகாது. கழற்றிய பழைய பில்டரை அறுத்து, உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தைத் தட்டில் விரித்து மண்ணெண்ணெயில் அலச வேண்டும். பளபளக்கும் துகள்கள் தென்பட்டுக் காந்தத்தில் ஒட்டாமலும் இருந்தால் அவை பேரிங்கிலிருந்து வந்தவையாக இருக்கலாம். அடியிலிருந்து மந்தமான தட்டல் ஓசையும் கேட்டால் காலந்தாழ்த்தக் கூடாது. இந்நிலையில் திறந்தால் பல சமயங்களில் பேரிங் மாற்றுவதோடு போகும். தாமதித்தால் கிராங்கைக் கடைந்து 0.25 மில்லிமீட்டரோ 0.50 மில்லிமீட்டரோ குறைந்த அளவுக்குரிய பேரிங் போட நேரும்.

ஓட்டத்தில் முள் பூஜ்யத்துக்கு விழுந்து சிவப்பு விளக்கும் எரிந்தால், இத்தனை ஆராய்ச்சிக்கும் அப்போது இடமில்லை. வண்டியை ஓரங்கட்டி யந்திரத்தை உடனே அணைத்துவிட வேண்டும். அடுத்த ஊர்வரை மெதுவாக வா என்று உடையவர் தொலைபேசியில் சொன்னாலும் டிரைவர் அதற்கு இணங்கலாகாது. இழுவை வண்டிக்குக் கொடுக்கும் கூலி கிராங்கின் விலைக்கு முன் அற்பம்.

டிரைவரிடம் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுத்து, மாதம் ஒரு முறை, வண்டி நெடுந்தூரம் ஓடி வந்து நின்றதும், யந்திரம் மெதுவாக ஓடும்போது முள் காட்டும் அளவையும், ஓடிய கிலோமீட்டரையும், இடையில் ஊற்றிய எண்ணெயின் லிட்டரையும் குறித்து வரச் செய்யலாம். பட்டறைக்கு வண்டி செல்லும்போது அந்த நோட்டும் கூடச் செல்ல வேண்டும்.