எலும்பு வாளும் கடைசி மடக்குத் தண்ணீரும்

கேள்வி: மேசைக் கதாபாத்திர விளையாட்டு உலகமான ‘டார்க் சன்’னை ‘சாவேஜ் வேர்ல்ட்ஸ்’ என்ற வேறொரு விளையாட்டின் விதிகளில் விளையாட ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எண்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த உலகத்தின் உயிர்நாடி எதுவென்று எழுதி வையுங்கள். 1991இல் வெளிவந்த டார்க் சன்னின் உலகமான அதாஸ், தண்ணீரும் உலோகமும் அரிதான பாலை. அங்கே எலும்பு வாள் உடையும். ஆகவே, தாக்கும்போது வீரர் உருட்டும் இரண்டு பகடையிலும் 1 விழுந்தால் வாள் முறியட்டும். மந்திரம் செடிகொடிகளின் உயிரை உறிஞ்சும். ஆகவே, மந்திரத்துக்கான சக்திப் புள்ளி தீர்ந்தவர் சுற்றியுள்ள பசுமையைக் கருக்கிக் கூடுதல் புள்ளி எடுக்கலாம், அந்த மண் சாம்பலாகட்டும். தாகத்துக்குப் புது விதி வேண்டாம். சாவேஜ் வேர்ல்ட்ஸின் களைப்பு நிலைகளே போதும். தண்ணீர்ப் பையைத் தினமும் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி மடக்கு யாருக்கு என்று மேசையில் பேச்சு எழுந்தால், அதாஸ் வந்து சேர்ந்துவிட்டது.