மாத்த முதல் அளந்து பார்: அப்பாவின் பழைய பிக்கப்பும் ஓல்டர்னேற்றரும்

போன எபிசோட்டில் அரை நிமிசத்தில் சொல்லிவிட்டு ஓடின கதையை இந்தக் கிழமை முழுக்கச் சொல்கிறேன். இதில் என்ர மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை, உங்கட காசு மிஞ்சும்.

அப்பாட்ட ஒரு 2001 ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் இருக்கு. ஓக்வில்லில் செய்தது. அந்த ட்ரக் தொழிற்சாலையையே 2004இல் மூடிவிட்டார்கள், ஆனால் வண்டி இன்னும் ஓடுது. மாரியில் அப்பா ஸ்காபரோவில் ஸ்னோ தள்ளுகிற வேலை செய்கிறவர். ட்ரக் நின்றால் அவற்ற வருமானமும் நிக்கும்.

ஜனவரியில் ஒரு பின்னேரம் 401இல் வரேக்க பற்றரி லைற் சிவப்பாக எரிஞ்சுது. கொஞ்ச நேரத்தில் ஹெட்லைற் மங்கத் தொடங்கிற்று. மார்க்கம் ரோட்டில் இறங்கி ஒருமாதிரி வீட்டை வந்து சேர்ந்தோம். நான் நாலு வீடியோ பார்த்தேன், "ஓல்டர்னேற்றர் போச்சு" என்று முடிவு கட்டினேன், ரீபில்ட் பண்ணினது ஒன்று வாங்கினேன். ட்ரைவ்வேயில் விரல் விறைக்க விறைக்கப் பூட்டினேன். ஸ்ரார்ட் பண்ணினால், அதே சிவப்பு லைற்!

அப்பா கோபிக்கேல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளை, முதல் அளந்து பாத்தனியோ?"

இல்லை. அதுதான் இன்றைய பாடம்.

சைக்கிள் டைனமோவில் இருந்து தொடங்குவம்

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி செல்லுக்கும் தடை. அப்பாவும் கூட்டாளிமாரும் சைக்கிளை ஸ்ராண்டில் நிப்பாட்டி, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள். பிபிசி தமிழோசை முடியுமட்டும் ஒராள் மாறி ஒராள் சுத்தோணும். உங்கட வீட்டிலயும் கேட்டுப் பாருங்கோ, இந்தக் கதை கட்டாயம் இருக்கும்.

அந்த டைனமோவும் ட்ரக்கின் ஓல்டர்னேற்றரும் சொந்தக்காரர்தான். ஒரு காந்தம் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் சுத்தினால் சுருளில் மின்சாரம் வரும். 1831இல் பாரடே கண்டுபிடிச்சது இது. இரண்டிலும் வாறது ஏசி மின்சாரம். ட்ரக்கில் அதை டயோட்டுகள் டிசியாக மாத்தும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. சைக்கிள் டைனமோவில் இருப்பது நிரந்தரக் காந்தம். வேகமாகச் சுத்தினால் வோல்ற்றேஜ் கூடும், மெல்லச் சுத்தினால் குறையும். ஓல்டர்னேற்றரில் சுத்துவது மின்காந்தம். அதற்குக் கரண்ட் விட்டால்தான் அது காந்தமாகும். எவ்வளவு கரண்ட் விடுவது என்று ரெகுலேற்றர் தீர்மானிக்கும். எஞ்சின் மெல்ல ஓடினாலும் வேகமாக ஓடினாலும் வோல்ற்றேஜ் 14க்குக் கிட்ட நிற்பது அதனால்தான்.

இதை நல்லா மனசில வைச்சிருங்கோ. காந்தத்துக்குக் கரண்ட் போகாவிட்டால், புத்தம் புது ஓல்டர்னேற்றரும் சும்மா சுத்துகிற இரும்புதான்.

ஒரு மல்ரிமீற்றர், அஞ்சு கேள்வி

1. வண்டி சில மணித்தியாலம் ஓய்ந்த பிறகு, எஞ்சின் ஓஃபில் பற்றரியை அளவுங்கோ. 12.6 வோல்ற் என்றால் நிறைஞ்சிருக்கு. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே என்றால் முதல் சார்ஜரில் போடுங்கோ. செத்த பற்றரியை நிரப்பும் வேலையை ஓல்டர்னேற்றரிட்ட குடுத்தால் அது சூடாகிக் களைச்சுப் போகும்.

2. எஞ்சின் ஓடேக்க அதே இடத்தில் அளவுங்கோ. 13.5க்கும் 14.8க்கும் இடையில் இருக்கோணும். ஹெட்லைற், ஹீற்றர் எல்லாம் போட்ட பிறகும் 13க்கு மேல் நிற்கோணும். எங்கட ட்ரக்கில் 11.9 காட்டினது. சார்ஜ் ஏறவே இல்லை.

3. பெல்ற்றைப் பாருங்கோ. வெடிப்பு, தளர்வு, கீச்சுச் சத்தம் ஏதும் இருக்கா? பெல்ற் வழுக்கினால் ஓல்டர்னேற்றரில் பிழை இல்லை.

4. மீற்றரை ஏசிக்கு மாத்தி, எஞ்சின் ஓடேக்க பற்றரியில் அளவுங்கோ. அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் டயோட்டில் சந்தேகப்படலாம்.

5. கடைசியாக வயர். இதைத்தான் நான் பார்க்கேல்லை.

எங்கட ட்ரக்கின் ஓல்டர்னேற்றரில் தடிச்ச கேபிளைவிட மூன்று கம்பி உள்ள ஒரு சின்னப் பிளக்கும் இருக்கு. அதில் 'ஏ' என்கிற கம்பியில் சாவி ஓஃபில் இருந்தாலும் பற்றரி வோல்ற்றேஜ் வரோணும். ரெகுலேற்றர் அந்தக் கம்பியாலதான் பற்றரியைப் பார்க்குது. அது செத்தால் மின்காந்தம் வேலை செய்யாது. நான் அளந்தபோது மீற்றரில் பூச்சியம். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், அந்தக் கம்பிக்குரிய ஃபியூஸின் கால் முழுக்கப் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு. ரொறொன்ரோ ரோட்டு உப்பும் இருபது வருசத்து ஈரமும் செய்த வேலை.

களிம்பைச் சுரண்டித் துப்புரவாக்கி, அதே அம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டேன். 14.3 வோல்ற்! சிவப்பு லைற் நூந்திற்று. கழட்டின பழைய ஓல்டர்னேற்றரை ஒரு கடையில் குடுத்துச் சோதிச்சால், அது நல்லாத்தான் இருந்தது. சில டொலரில் முடிய வேண்டிய வேலைக்கு நான் ஒரு ஓல்டர்னேற்றர் வாங்கினேன். அப்பாவுக்கு இரண்டு நாள் வேலையும் போச்சு. அதுதான் எனக்குக் கூடச் சுட்டது.

உண்மையாகவே மாத்த வேண்டி வந்தால்

முதல் வேலை, பற்றரியின் நெகற்றிவ் கேபிளைக் கழட்டுவது. ஓல்டர்னேற்றருக்குப் போகும் தடிச்ச கேபிளில் எப்பவும் கரண்ட் இருக்கும். சாவி அதில் முட்டினால் நெருப்புப் பறக்கும். பிறகு பெல்ற் போன பாதையைப் ஃபோனில் படம் எடுங்கோ. ரென்ஷனரைத் திருப்பிப் பெல்ற்றை இறக்கி, பிளக்கையும் கேபிளையும் எடுத்து, போல்ற்றுகளைக் கழட்டுங்கோ. புதுசை வாங்கின இடத்திலேயே பழசுக்குப் பக்கத்தில் வைச்சுப் பாருங்கோ: புல்லி, பிளக், போல்ற் துவாரம் மூன்றும் ஒத்து வரோணும். பூட்டி முடிச்ச பிறகு நெகற்றிவைக் கடைசியாகக் குடுங்கோ. பழசைத் திருப்பிக் குடுத்தால் வைப்புப்பணம் திரும்பி வரும், மறக்காதேங்கோ.

இன்னொன்று. எங்கட மாமா சொன்னார், "எஞ்சின் ஓடேக்க பற்றரி வயரைக் கழட்டிப் பார், எஞ்சின் நின்றால் ஓல்டர்னேற்றர் பிழை." தயவுசெய்து செய்யாதேங்கோ. அந்தக் கணத்தில் வோல்ற்றேஜ் துள்ளி ஏறும். இன்றைய வண்டிகளின் கொம்பியூட்டரும் டயோட்டுகளும் அதைத் தாங்காது. மாமாவோட சண்டை வேண்டாம், "சரி மாமா" என்று சொல்லிவிட்டு மீற்றரை எடுங்கோ.

அண்டைக்கு இரவு அப்பா ட்ரக்கை எடுத்துக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டார். போக முதல் மல்ரிமீற்றரை என்னட்டக் கேட்டு வாங்கி, கிளவ் பெட்டிக்குள் வைச்சார். "டைனமோவெண்டால் சுத்தேக்க கையிலயே தெரியும். இதுக்கு மீற்றர்தான் வேணும்," என்றார்.

இந்தக் கிழமை வீட்டுப்பாடம்: உங்கட வீட்டு வாகனத்தில் முதல் இரண்டு கேள்வியையும் அளந்து, இரண்டு இலக்கத்தையும் இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கோ. பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ நின்றால், டைனமோ ரேடியோக் கதையையும் கேட்டு எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில் வாசிப்பம்.