சரக்கு ஒன்று, வண்டி வேறு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும், பெரும்பகுதி நீராலான இரத்தத்தின் வழியாகத்தான் உடலெங்கும் செல்கின்றன. நீரில் கரையாத பொருள் நீரில் எங்ஙனம் பயணம் செய்கிறது? இக்கேள்வி எனக்கு வகுப்பறையில் எழவில்லை. என் தந்தையாரின் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எழுந்தது.

என் தந்தையார் அரிசி மண்டியில் மூட்டை இறக்கும் தொழிலாளி. சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து, மருத்துவமனையில் இருந்து மீண்டார். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே. ஆகவே தாள் என் கைக்கு வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 238, டிரைகிளிசரைடு 200, எச்.டி.எல். 38, எல்.டி.எல். 160 என்று அதில் இருந்தது. "ஏம்மா, இதிலே நல்ல கொழுப்பு எது, கெட்ட கொழுப்பு எது?" என்று கேட்டார். வேதியியல் படிக்கும் எனக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர் நூலகத்தில் படித்தும், பேராசிரியர்களிடம் கேட்டும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

கொலஸ்ட்ரால் பகையன்று

கொலஸ்ட்ரால் இன்றி நாம் உயிர்வாழ இயலாது. செல்களின் சவ்வுக்கு அது வேண்டும். பித்த அமிலங்களும், பாலியல் ஹார்மோன்களும் அதிலிருந்தே உண்டாகின்றன. நம் உடலே அதைத் தயாரித்துக்கொள்கிறது. அதன் மூலக்கூறில் 27 கார்பன், 46 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. நல்ல கொலஸ்ட்ராலுக்கு ஒரு வாய்பாடு, கெட்ட கொலஸ்ட்ராலுக்கு வேறொரு வாய்பாடு என்று இல்லை. பொருள் ஒன்றே. அவ்வாறாயின் எச்.டி.எல்., எல்.டி.எல். என்பவை யாவை? அவை சரக்கல்ல, சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டிகள்.

வண்டியின் அமைப்பு

1929ஆம் ஆண்டில் பாரிசில் மிஷேல் மாஷ்பெஃப் என்னும் அறிஞர், குதிரையின் இரத்த நீரிலிருந்து புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். இத்தகைய பொருள்களையே லிப்போபுரதங்கள் என்கிறோம். இவை கண்ணுக்குத் தெரியாத நுண் உருண்டைகள். நீரை வெறுக்கும் டிரைகிளிசரைடும், கொலஸ்ட்ரால் எஸ்டரும் உருண்டையின் நடுவே அடைபட்டிருக்கும். வெளிப்புறத்தில் பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள், நீரை விரும்பும் தலையை வெளியே நீட்டி, வெறுக்கும் வாலை உள்ளே மறைத்து அணிவகுத்திருக்கும். இவற்றோடு புரதமும் மேலே பதிந்திருக்கும். இந்தப் புரதமே வண்டி எங்கே செல்லவேண்டும் என்பதைக் காட்டும் முகவரி எனலாம். கொழுப்பு மிகுந்த உருண்டை இலேசாக இருக்கும். புரதம் மிகுந்தது அடர்ந்திருக்கும். இந்த அடர்த்தியைக் கொண்டே இவற்றுக்குப் பெயரிட்டனர்.

நால்வகை வண்டிகள்

முதலாவது கைலோமைக்ரான். உணவிலுள்ள கொழுப்பைச் சிறுகுடல் இதில் ஏற்றி அனுப்புகிறது. இது மற்றச் சத்துகளைப் போல நேரே கல்லீரலுக்குச் செல்லாமல், நிணநீர்க் குழாய் வழியே சென்று இரத்தத்தில் கலக்கிறது. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்ச் சுவர்களில் ஒரு நொதி காத்திருந்து, டிரைகிளிசரைடைப் பிரித்து இறக்கிக்கொள்கிறது. எஞ்சியது கல்லீரலை அடைகிறது. கொழுப்பு மிகுந்த விருந்துக்குப் பின் இரத்த நீர் பால்போல் கலங்கித் தோன்றுவது இதனாலேயே.

இரண்டாவது, கல்லீரல் அனுப்பும் மிகக் குறைந்த அடர்த்தி லிப்போபுரதம், அதாவது வி.எல்.டி.எல். இதுவும் வழிநெடுகச் சரக்கை இறக்கிச் சிறுத்து, இறுதியில் கொலஸ்ட்ரால் மிகுந்த எல்.டி.எல். ஆகிறது. இதுவே மூன்றாவது. செல்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கொண்டு சேர்ப்பது இது. நான்காவதான எச்.டி.எல். மிகச் சிறியது; மிக அடர்ந்தது. செல்களில் மிஞ்சிய கொலஸ்ட்ராலைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுவர உதவுகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரின் வழியே வெளியேற்றும்.

எல்.டி.எல். தன் கடமையைத்தான் செய்கிறது. ஆனால் இரத்தத்தில் அது மிகும்போது தமனியின் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. அங்கே அதை விழுங்கும் வெள்ளணுக்கள் கொழுப்பேறி உப்பிப் படிவாகின்றன. படிவு ஒரு நாள் வெடித்தால் அங்கே இரத்தம் உறைந்து வழியை அடைக்கும். என் தந்தையாருக்கு வந்தது அதுதான்.

ஒரு சிறு கணக்கு

பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.லை நேரே அளப்பதில்லை. 1972இல் ஃபிரீட்வால்ட் முதலானோர் வெளியிட்ட வாய்பாட்டால் கணக்கிடுகின்றன. டிரைகிளிசரைடை 5ஆல் வகுத்தால் 40. மொத்தம் 238இலிருந்து எச்.டி.எல். 38ஐயும் இந்த 40ஐயும் கழித்தால் 160. தாளில் இருந்ததும் அதுவே! டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இக்கணக்குப் பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

மாத்திரை எதற்கு?

மூன்று மாதம் கழித்து எல்.டி.எல். 84க்கு இறங்கியது. "அதான் இறங்கிடுச்சே, இனி மாத்திரை எதுக்கும்மா?" என்று தந்தையார் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் அஞ்சினேன். விடை சொல்ல எனக்குத் துணைநின்றவர்கள் இருவர்: அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆய்ந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன். செல்லின் மேற்புறத்தில் எல்.டி.எல்.லைப் பற்றி உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உள்ளன என்று கண்டறிந்து, 1985இல் நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள். பிறவியிலேயே இவ்வேற்பிகள் குறைந்தோர்க்கு இளவயதிலேயே மாரடைப்பு வருவதுண்டு.

1973இல் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, பெனிசிலியம் இனப் பூஞ்சை ஒன்றிலிருந்து கண்டெடுத்த பொருளே ஸ்டாட்டின் மருந்துகளுக்கு முன்னோடி. இம்மருந்து கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராவதைத் தடுக்கிறது. கொலஸ்ட்ரால் போதாத கல்லீரல் செல், ஏற்பிகளை மிகுதியாக உண்டாக்கி, இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் ஏற்பிகள் குறையும்; எல்.டி.எல். மீண்டும் ஏறும்.

இதைச் சொன்னதும் தந்தையார் சற்றே யோசித்து, "சரிதான். மண்டியிலே இறக்குற ஆள் குறைஞ்சா லாரி எல்லாம் ரோட்டுலயே நிக்கும். மாத்திரை ஆளைக் கூட்டுது" என்றார். நான் பத்து நாள் படித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்! மறுநாள் மருத்துவரிடம் சென்று, அவர் சொற்படி மாத்திரையைத் தொடர்ந்தார்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வீட்டிற்கு வரும் ஆங்கிலத் தாள்கள் எல்லாம் நம் கைக்கே வரும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல், படித்தும் மருத்துவரைக் கேட்டும் நம் பெற்றோருக்கு அவர்கள் மொழியில் விளக்குவோம். தேர்வில் பெறும் மதிப்பெண்ணைவிட, மாத்திரையை நிறுத்திய ஒருவர் அதை மீண்டும் எடுத்துக்கொள்வது பெரிதன்றோ!