எக்ஸ்-ரே படம் எடுப்போர்

எலும்பு முறிவைப் படத்திற் கண்டு கூறும் வைத்தியரை யாவரும் அறிவர்; அப்படத்தை எடுத்தவரை அறிவார் சிலரே. அமெரிக்க நாட்டில் அவர்தம் தொழில் எத்தகையது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மானியப் பேராசிரியர் ராண்ட்ஜன் இக்கதிரைக் கண்டார். அதன் கொடுமையை அன்று எவரும் உணர்ந்திலர். எடிசனிடம் பணியாற்றிய கிளாரன்ஸ் டாலி என்பார் தம் கைகளையே அதன்முன் பன்முறை நீட்டிச் சோதித்துப் புண்ணுற்று, 1904-இல் உயிர் நீத்தார். ஆகவே, தன்னையும் நோயாளியையும் காத்தலே இத்தொழிலின் முதற்பாடம். ஈயத் திரையின்பின் நிற்றல் எளிது. மீண்டும் எடுக்க நேராவண்ணம் முதன்முறையே படத்தைச் செவ்விதாக எடுத்தல் அரிது. வலியால் துடிப்பாரை அசையாது கிடத்தி, ஒரு கணம் மூச்சடக்கச் செய்ய இன்சொல்லன்றோ வேண்டும்! இயந்திரம் அதனைக் கற்பிப்பதில்லை.

அங்குப் பெரும்பாலோர் ஈராண்டுப் படிப்பு முடித்து, 1922-இல் தோன்றிய பதிவுக் கழகத்தின் தேர்வில் தேறுகின்றனர். 2023 மே மாத அரசாங்கக் கணக்கின்படி, இவருட் சரிபாதியினர் ஆண்டுக்கு 73,410 டாலருக்கு மேற்பட்ட சம்பளம் பெற்றனர், எம்.ஆர்.ஐ. எடுப்போர்க்கு அவ்வளவு 83,740 டாலர். ஈராண்டுப் படிப்பிற்கு இஃது அற்பமன்று. ஆனர்ஸ் வகுப்பில் அமர்ந்து கணக்கிடும் நாம் பெருமூச்செறிவதில் வியப்பென்னை? முதியோர் தொகை பெருகுதலின், 2023 முதல் 2033 வரை இவ்விரு வேலைகளும் நூற்றுக்கு 6 விழுக்காடு பெருகுமென அவ்வரசாங்கம் மதிப்பிட்டது. எனினும் ஆஸ்பத்திரிக்கு இரவுமில்லை, ஞாயிறுமில்லை. நாள் முழுதும் நின்று, எழமாட்டாரைத் தூக்கியும் திருப்பியும் உழைத்தல் வேண்டும்.