டிஜிட்டல் புகைப்படத்தை அச்சுத் தாளுக்கேற்பக் கத்தரித்தல்

களப்பணியிலும் கல்விக்கூடங்களிலும் எடுக்கப்படும் புகைப்படங்கள் இன்று பெரும்பாலும் கைபேசியாலோ டிஜிட்டல் காமிராவாலோ எடுக்கப்படுகின்றன. திரையில் அவை குறையின்றித் தோன்றுகின்றன. ஆயினும், கோப்பில் வைப்பதற்கோ வகுப்பறைச் சுவரில் மாட்டுவதற்கோ அவற்றை அச்சிட்டுப் பெறும்போது, ஓரத்தில் இருந்த ஏதேனும் ஒன்று காணாமற்போயிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். குழுப்படத்தில் வரிசையின் கடைசியில் நின்ற மாணவனின் முகம் பாதியாக வெட்டுண்டிருக்கும்; மரத்தின் உச்சி மறைந்திருக்கும். அச்சிட்டவரின் கவனக்குறைவே இதற்குக் காரணம் என எண்ணுவது இயல்பு. ஆனால் படத்தின் வடிவமும் தாளின் வடிவமும் ஒத்திராமையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். இவ்விரண்டையும் பொருத்தும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஈண்டுக் காணலாம்.

மறைந்துபோன அளவுகோல்

தாவரவியல் களப்பணியாளர் ஒருவர், உலர்த்தித் தாளில் ஒட்டப்பட்ட தாவரம் ஒன்றைக் கைபேசியால் படம் எடுக்கிறார் எனக் கொள்க. இந்தியாவில் இத்தகைய உலர்தாவரத் தாளின் வழக்கமான அளவு 42 × 28 சென்டிமீட்டர் ஆகும். தாளின் கீழ் வலது மூலையில் விவரச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். தாவரத்தின் பெயர், கிடைத்த இடம், நாள், சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண் முதலியவற்றை அச்சீட்டே தெரிவிக்கும்.

அவருடைய கைபேசி எடுக்கும் படத்தில் நீளவாக்கில் 4000 படப்புள்ளிகளும் அகலவாக்கில் 3000 படப்புள்ளிகளும் உள்ளன. பிக்சல் எனப்படும் இப்புள்ளிகளின் மொத்தத் தொகை 1 கோடியே 20 இலட்சம். இதனையே 12 மெகாபிக்சல் என்பர். தாளின் 42 சென்டிமீட்டர் நீளம் படத்தின் நீளம் முழுவதையும் நிரப்புமாறு அவர் படத்தை எடுக்கிறார். அவ்வாறாயின் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 95 புள்ளிகள் அமையும். தாளின் 28 சென்டிமீட்டர் அகலத்துக்கு 2667 புள்ளிகளே போதும். எஞ்சிய 333 புள்ளிகள் தாளின் இருமருங்கிலும் வெற்றிடமாக நிற்கும். அவ்வெற்றிடம் பக்கத்துக்கு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் இருக்கும். வீணாகும் இடத்தைப் பயன்படுத்த எண்ணி, மெல்லிய அளவுகோல் ஒன்றை அவர் தாளுக்கு வெளியே ஒருபுறம் வைக்கிறார்.

இப்படத்தை 4 × 6 அங்குலத் தாளில் அச்சிடக் கொடுத்தால் நிகழ்வது யாது? உலர்தாவரத் தாள் முழுமையாக வந்திருக்கும். அளவுகோல் மட்டும் மறைந்திருக்கும். அளவுகோல் இல்லாத படத்தில் இலையின் நீளம் 2 சென்டிமீட்டரா 6 சென்டிமீட்டரா என்பதை அறியும் வழி இல்லை. "இருமடங்கு பெருக்கம்" எனப் படத்தின் அடியில் எழுதி வைப்பதும் பயன்படாது; வேறோர் அளவுத் தாளில் அச்சிட்ட மாத்திரத்தில் அக்குறிப்பு பொய்யாகிவிடும். படத்தினுள்ளே இருக்கும் அளவுகோலோ, படம் பெருகும்போது தானும் பெருகி, சுருங்கும்போது தானும் சுருங்கி, எப்போதும் உண்மையே கூறும். ஆகையால் அதனை இழத்தல் படத்தின் விஞ்ஞானப் பயனையே இழத்தலாகும்.

வடிவ விகிதம்

அளவுகோல் மறைந்த காரணத்தை விகிதக் கணக்கு விளக்கும். 4000-க்கு 3000 என்பது 4:3 என்னும் விகிதம். 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்பது 3:2 என்னும் விகிதம். 4:3 வடிவுள்ள படத்தால் 3:2 வடிவுள்ள தாளை இடைவெளியின்றி நிரப்ப வேண்டுமாயின், 3000 புள்ளிகளில் 333 புள்ளிகளை நீக்கியே ஆகவேண்டும். இது அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அச்சுப் பொறி இதனை இரு ஓரங்களிலும் சமமாக நீக்குகிறது. களப்பணியாளர் அளவுகோலை வைத்த இடமும் பொறி நீக்கிய இடமும் ஒன்றே.

இவ்விகிதங்கள் வெவ்வேறு மரபுகளில் தோன்றியவை. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் என்பார் திரைப்படச் சுருளைப் பயன்படுத்தும் சிறிய காமிரா ஒன்றை அமைத்தார். 24 × 18 மில்லிமீட்டர் அளவுள்ள திரைப்படக் கட்டங்கள் இரண்டைச் சேர்த்து 36 × 24 மில்லிமீட்டர் கட்டமாக அவர் கொண்டார். 1925-ஆம் ஆண்டில் லைக்கா என்னும் பெயரால் வெளிவந்த அக்காமிராவின் 3:2 விகிதமே இன்றைய பெரிய காமிராக்கள் பலவற்றிலும் நிலவுகிறது. கைபேசிகளில் 4:3 விகிதம் பெருவழக்கு. 8 × 10 அங்குலத் தாளோ, அதே அளவுள்ள படத்தகடுகளைப் பயன்படுத்திய பழைய பெருங்காமிராக்களின் 5:4 விகிதத்தைத் தொடர்கிறது. எனவே எடுத்த படம் எல்லாத் தாள்களிலும் தானே பொருந்தும் என எதிர்பார்த்தல் இயலாது.

பொருத்தமின்மை மிகும்போது இழப்பும் மிகும். 6000 × 4000 புள்ளிகள் கொண்ட காமிராப் படத்தை 8 × 10 அங்குலத் தாளில் நிரப்பினால் 5000 × 4000 புள்ளிகளே நிற்கும். நீளத்தில் ஆறில் ஒரு பங்கு நீங்கும். உலர்தாவரத் தாள் அப்படம் முழுவதையும் நிரப்பியிருந்தால், 42 சென்டிமீட்டரில் 7 சென்டிமீட்டர் போய்விடும். மேலே மூன்றரையும் கீழே மூன்றரையும் நீங்குமாயின், விவரச் சீட்டின் அடிப்பகுதி அகன்றுவிடும். சேகரித்தவர் பெயரும் எண்ணும் அங்கே எழுதப்பட்டிருப்பின், அவை அச்சில் இரா.

புள்ளிச் செறிவு

வடிவத்தை அடுத்து நோக்கவேண்டியது புள்ளிச் செறிவு ஆகும். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை படப்புள்ளிகள் அச்சாகின்றன என்பதே செறிவு. படத்தின் புள்ளித் தொகையைத் தாளின் அங்குல அளவால் வகுத்தால் இது கிடைக்கும். 4000 புள்ளி நீளமுள்ள படத்தை 12 அங்குல நீளத்தில் அச்சிட்டால், அங்குலத்துக்கு 333 புள்ளிகள் அமையும்.

அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருத்தல் நன்று என்பது அச்சுத் தொழிலில் பொதுவான விதி. இதன் அடிப்படை மனிதக் கண்ணின் ஆற்றலே. இயல்பான கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்காகிய ஒரு கலை அளவுக்குக் குறைந்த கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளைப் பிரித்தறிவதில்லை. கையில் ஏந்திப் பார்க்கும் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இக்கோணம் ஏறத்தாழ 0.087 மில்லிமீட்டருக்குச் சமம்; ஓர் அங்குலத்தில் இத்தகைய பகுதிகள் 291 அடங்கும். இதுவே 300 என முழுமையாக்கப்பட்டது.

தூரம் இருமடங்கானால் வேண்டிய செறிவு பாதியாகும். ஒரு மீட்டர் தொலைவிலிருந்து காணும் படத்துக்கு அங்குலத்துக்கு 87 புள்ளிகள் போதும். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து மாணவர் காணும் சுவர்ப்படத்துக்கு 30 புள்ளிகளும் போதும். எனவே 12 மெகாபிக்சல் படத்தைக் கொண்டு 36 அங்குல நீளமுள்ள சுவர்ப்படம் தயாரிக்க ஆசிரியர் தயங்க வேண்டுவதில்லை. அதில் அங்குலத்துக்கு 111 புள்ளிகள் இருக்கும்.

வழக்கமான தாள்களுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வேண்டிய அளவுகள் வருமாறு:

4 × 6 அங்குலம் — விகிதம் 3:2 — 1200 × 1800 புள்ளிகள்
5 × 7 அங்குலம் — விகிதம் 7:5 — 1500 × 2100 புள்ளிகள்
6 × 8 அங்குலம் — விகிதம் 4:3 — 1800 × 2400 புள்ளிகள்
8 × 10 அங்குலம் — விகிதம் 5:4 — 2400 × 3000 புள்ளிகள்
8 × 12 அங்குலம் — விகிதம் 3:2 — 2400 × 3600 புள்ளிகள்
ஏ4 தாள், 210 × 297 மில்லிமீட்டர் — 2480 × 3508 புள்ளிகள்
12 × 18 அங்குலம் — விகிதம் 3:2 — 3600 × 5400 புள்ளிகள்

விண்ணப்பங்களில் ஒட்டும் 3.5 × 4.5 சென்டிமீட்டர் முகப்படத்துக்கு ஏறத்தாழ 413 × 531 புள்ளிகள் போதும். 4 × 6 அங்குலத் தாள் ஒன்றில் இத்தகைய படங்கள் எட்டு அடங்கும்.

கத்தரித்தலால் புள்ளிகள் குறையும்

கத்தரித்தல் என்பது புள்ளிகளை விலக்குதலே. எஞ்சியவற்றின் தொகை ஒருபோதும் கூடாது. மேற்கூறிய உலர்தாவரப் படத்தில் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள பூவை மட்டும் தனியே கத்தரித்தெடுத்தால், அதன் நீளத்தில் 286 புள்ளிகளே இருக்கும். அதனை 6 அங்குல நீளத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 48 புள்ளிகள் மட்டுமே கிடைக்கும். பூவின் உறுப்புகள் மங்கித் தோன்றும். ஆதலால் முழுத்தாளை ஒரு படமாகவும், பூவை அண்மையிலிருந்து மற்றொரு படமாகவும் எடுத்தலே முறை. இரண்டிலும் அளவுகோல் இருத்தல் வேண்டும். காமிரா நகராமல் திரையில் பூவை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் டிஜிட்டல் பெருக்கமும் ஒருவகைக் கத்தரித்தலே என்பதை மறத்தலாகாது.

கணினியில் படத்தின் செறிவு என்னும் கட்டத்தில் 72 என இருப்பதை 300 என மாற்றினால் படம் தெளிவு பெறும் எனச் சிலர் கருதுவர். அந்த எண், புள்ளிகளை எவ்வளவு நெருக்கமாக அச்சிடுவது என்னும் குறிப்பு மட்டுமே. அதனை மாற்றுவதால் காமிரா பதிவு செய்யாத நுட்பம் எதுவும் புதிதாகத் தோன்றாது.

செய்முறை

முதலாவதாக, படம் எடுக்கும்போதே நாற்புறமும் இடம் விடுதல் வேண்டும். உலர்தாவரத் தாளின் நீளம் படச்சட்டத்தின் நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் நிரப்புமாறு காமிராவைச் சற்று உயர்த்தினால், சென்டிமீட்டருக்கு 76 புள்ளிகள் கிடைக்கும். பின்னர் 3:2 விகிதத்தில் கத்தரித்தாலும் அகலவாக்கில் 35 சென்டிமீட்டர் படத்தில் நிற்கும். அளவுகோலுக்கு இடம் உண்டு. 5:4 விகிதத்தில் கத்தரித்தாலும் நீளவாக்கில் 49 சென்டிமீட்டர் நிற்கும். விவரச் சீட்டுக்கு ஊறு நேராது. குழுப்படத்துக்கும் இவ்விதி பொருந்தும். வரிசையின் இரு கோடிகளிலும் ஓர் ஆள் நிற்கும் இடத்தை வெறுமையாக விட்டு எடுத்தல் நன்று.

இரண்டாவதாக, மூலப்படத்தை மாற்றாமல் வைத்து, அதன் நகலிலேயே வேலை செய்தல் வேண்டும்.

மூன்றாவதாக, தாளின் அளவை முடிவு செய்து, கத்தரிக்கும் கருவியில் அதற்குரிய விகிதத்தை நிலையாக அமைத்தல் வேண்டும். கைபேசிகளில் உள்ள படத் திருத்தச் செயலிகள் பலவற்றிலும், கணினிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்னும் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. கத்தரிக்கும் சட்டத்தை நகர்த்தி, நான்கு ஓரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, அளவுகோல், சீட்டு, முகங்கள் ஆகியன உள்ளடங்கியுள்ளனவா என உறுதி செய்தல் வேண்டும். ஓரமில்லா அச்சில் பொறி மேலும் ஓரிரு மில்லிமீட்டரை நீக்கக்கூடுமாதலின், முக்கியமான எதனையும் விளிம்பை ஒட்டி வைத்தலாகாது.

நான்காவதாக, எஞ்சிய புள்ளிகளைத் தாளின் அங்குலத்தால் வகுத்துச் செறிவைக் கணக்கிடுதல் வேண்டும். குறைவாயின் சிறிய தாளைத் தேர்க.

ஐந்தாவதாக, கத்தரித்த நகலைத் தாளின் அளவையும் சேர்த்து வேறு பெயரில் சேமித்து, சுருக்காமல் அச்சகத்துக்கு அனுப்புதல் வேண்டும். கைபேசிச் செய்திச் செயலிகள் படங்களைச் சுருக்கி அனுப்புவதுண்டு. அவற்றில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் புள்ளிகள் குறையா. கத்தரிக்க விருப்பமில்லையெனில், முழுப்படமும் தாளினுள் அடங்குமாறு வெள்ளை ஓரம் விட்டு அச்சிடும்படி எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை: படத்தை இழுத்து நீட்டித் தாளுக்குப் பொருத்துதல் கூடாது. 4:3 படத்தை 3:2 வடிவுக்கு இழுத்தால் நீளம் எட்டில் ஒரு பங்கு மிகும், வட்டம் நீள்வட்டமாகும். இலையின் நீள அகலப் பொருத்தம் இனங்களைப் பிரித்தறியும் அடையாளங்களுள் ஒன்றாதலின், இவ்வாறு நீட்டிய படம் பார்ப்போரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

வகுப்புப் பயிற்சி

ஆசிரியர்கள் இதனைக் கணினியின்றியே கற்பிக்கலாம். தடித்த அட்டையில் "ட" எழுத்தின் வடிவில் இரு துண்டுகளை வெட்டிக்கொள்க. அவற்றை எதிரெதிராகப் படத்தின் மேல் வைத்தால், வேண்டியவாறு விரிந்து சுருங்கும் சட்டம் ஒன்று அமையும். மாணவர்கள் பழைய குழுப்படம் ஒன்றின் மேல் இதனை வைத்து, 3:2, 4:3, 5:4 ஆகிய விகிதங்களை அளவுகோலால் அமைத்து, ஒவ்வொன்றிலும் யார் யார் வெளியே நிற்க நேர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளட்டும். பின்னர், எவரையும் விலக்காமல் அச்சிட எந்தத் தாள் ஏற்றது என அவர்களே கணக்கிட்டுக் கூறட்டும். விகிதம், பின்னம், கோணம் ஆகிய கணிதப் பாடங்கள் மூன்றும் இவ்வொரு பயிற்சியில் அடங்கும்.