அடித்தளக் கலங்களும் எங்கள் கடை வெற்றிலைத் தட்டும்

உயர்தர உயிரியல் வகுப்பில் விலங்கிழையங்கள் பற்றிப் படித்த வாரம் அது. ஆசிரியை பலகையில் படைகொண்ட செதில் மேலணியை வரைந்தார். மேலே தட்டையான கலங்கள், நடுவில் பல்கோணக் கலங்கள், எல்லாவற்றுக்கும் கீழே ஒரு மெல்லிய கோட்டின் மீது நெருங்கி நிற்கும் ஒரே ஒரு வரிசைக் கலங்கள். "பெயரிடச் சொன்னால் இந்தக் கடைசி வரிசையை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள்" என்றார். நான் அதை மறக்கவில்லை. அதற்குக் காரணம் பரீட்சை அல்ல. ஹட்டனுக்கு அருகே தோட்டச் சந்தியில் வாப்பா வைத்திருக்கும் சிறிய பலசரக்குக் கடைதான் காரணம்.

பாடசாலை விட்டு வந்து அஸர் தொழுத பின் ஒரு மணி நேரம் நானும் கடையில் நிற்பேன். மாவு, சீனி, பருப்பு, கருவாடு எல்லாம் உள்ளே இருக்கும். முன்னால் இருப்பது வெற்றிலைத் தட்டு. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைத் துண்டு. கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்களின் கை முதலில் போவது அந்தத் தட்டுக்குத்தான். குளிருக்கும் பசிக்கும் அது துணை என்பார்கள். சின்ன வயதிலிருந்தே சுருள் மடித்துக் கொடுத்துப் பழகிய கை என்னுடையது.

அடிவரிசை என்ன செய்கிறது?

நம் தோலையும் வாயின் உட்புறத்தையும் மூடியிருக்கும் மேலணி ஓயாமல் தேய்கிறது. சூடான தேநீர், உறைப்பான சம்பல், பல்லின் உராய்வு என எல்லாம் மேற்கலங்களை உரித்துக்கொண்டே இருக்கின்றன. உரிந்த இடத்தை நிரப்புவது அடித்தளக் கலங்கள். ஒரு அடித்தளக் கலம் இழையுருப்பிரிவு அடைந்து இரண்டாகும்போது, பொதுவாக ஒன்று அங்கேயே தங்கும். மற்றது மேல்நோக்கிப் பயணப்படும். போகப் போகத் தட்டையாகி, கடைசியில் உதிர்ந்துவிடும். தோலில் இந்தப் பயணம் சுமார் ஒரு மாதம். வாயில் இன்னும் வேகம். அதனால்தான் கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் சில நாட்களில் ஆறிவிடுகிறது.

தேயிலைச் செடியை நினைத்துப் பாருங்கள். மேலே கிள்ளக் கிள்ளக் கீழிருந்து துளிர் வருகிறது. கவ்வாத்து வெட்டினாலும் மீண்டும் தழைக்கிறது. கீழே உள்ள கட்டை நன்றாக இருக்கும்வரைதான் அது நடக்கும்.

கொழுந்து பறிப்பவர்களின் விரல் ஓரங்கள் காய்த்துப் போயிருப்பதும் இந்த வரிசையின் வேலைதான். உராய்வு கூடக் கூட அடித்தளக் கலங்கள் வேகமாகப் பிரிந்து மேற்படையைத் தடிப்பாக்கிப் பாதுகாக்கின்றன. தோலில் இவற்றினிடையே உள்ள நிறக்கலங்கள் மெலனினைக் கொடுக்க, அது ஒவ்வொரு கருவின் மேலும் குடை போல நின்று வெயிலிலிருந்து டி.என்.ஏ.வைக் காக்கிறது. சுவாசக் குழாயிலும் அடித்தளக் கலங்கள் உண்டு. தூசியை வெளியே தள்ளும் பிசிர்க்கலங்களையும் சளி சுரக்கும் கெண்டிக்கலங்களையும் அவையே உருவாக்குகின்றன. சிகரட் புகையோ விறகடுப்புப் புகையோ ஆண்டுக்கணக்கில் பட்டால் இந்தச் சமநிலை குலையும். பிசிர் குறையும், சளி கூடும். புகைபோக்கி இல்லாத லயத்துக் குசினிகளில் கேட்கும் நாட்பட்ட இருமலுக்கு இதுவும் ஒரு காரணம்.

காக்கும் கலமே நோயின் தொடக்கம்

மேலே உள்ள கலத்தில் ஒரு விகாரம் ஏற்பட்டால் பெரிய ஆபத்தில்லை. அந்தக் கலம் சில நாட்களில் உதிரும்போது விகாரமும் அதோடு போய்விடும். ஆனால் அடிவரிசையில் நீண்ட காலம் தங்கிப் பிரியும் கலத்தில் விகாரம் ஏற்பட்டால் அது போகாது. அதிலிருந்து பிறக்கும் கலங்களுக்கெல்லாம் கடத்தப்படும். வருடக்கணக்கில் விகாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்.

வெற்றிலைச் சுருளைக் கன்னத்தில் அடக்கி வைக்கும்போது நடப்பது இதுதான். புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாக்கிலிருந்து தீங்கான ஒட்சிசன் மூலிகங்கள் உண்டாகின்றன. பாக்கிலுள்ள அரெகொலின், மேலணிக்குக் கீழே நார் உருவாக்கும் கலங்களைத் தூண்டிக் கொலாஜனைக் குவிக்கிறது. கன்னம் விறைத்து, வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறைகிறது.

"நான் புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்பவர்கள் அதிகம். புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலையும், பாக்கு தனியாகவும்கூட அவ்வாறே என்று 2004இல் வெளியிட்டது. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் வாய், உதடு, தொண்டை சார்ந்தது என்பதை எண்ணும்போது இது சிறிய செய்தி அல்ல.

ஆனாலும் நமக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. ஆசிரியை வரைந்த அந்த மெல்லிய கோடுதான் அது. அதன் பெயர் அடிமென்சவ்வு. மேலணிக்குள் குருதிக்குழாய்கள் இல்லை. ஆகவே கெட்டுப்போன கலங்கள் கோட்டுக்கு மேலேயே இருக்கும்வரை உடலின் வேறிடத்துக்குப் பரவ வழியில்லை. முதலில் அடிவரிசையின் ஒழுங்கு குலையும். பிறகு குழப்பம் மேலே ஏறும். கோட்டை உடைத்துக் கீழே இறங்கிய பின்புதான் அது பரவும் புற்றுநோய். இதற்குப் பெரும்பாலும் பல வருடங்கள் எடுக்கும். அந்த வருடங்களில் வாய் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்: துடைத்தால் போகாத வெண்படலம், அதைவிட ஆபத்தான செம்படலம், உறைப்புப் பட்டால் எரிச்சல், ஆறாத புண். எல்லாப் படலமும் புற்றுநோய் ஆவதில்லை. எது ஆகும் என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது என்பதால்தான் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பெரியம்மாவின் பச்சை மிளகாய்

எங்கள் கடைக்கு வரும் ஒரு பெரியம்மா, கொழுந்து பறிப்பவர், சில மாதங்களாகப் பச்சை மிளகாய் வாங்குவதை நிறுத்தியிருந்தார். மாலுப் பணிஸ் வாங்கினால் விரல் நுனி அளவுக்குப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவார். ஒருநாள் கேட்டேன்.

"காரம் தொட்டாலே எரியுது பாப்பா. வாயும் முன்ன மாதிரி தொறக்கல."

"மூணு வெரல நெட்டுக்குச் சேத்து வாய்க்குள்ள வெச்சுப் பாருங்க பெரியம்மா."

இரண்டு விரல்கூட முழுதாகப் போகவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "ஒரு நா போனா ஒரு பேரு போயிருமே" என்றார். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான கணக்கு. பேசிக்கொண்டே அவர் கை தட்டுக்கு நீண்டது. சுருள் மடித்துக் கொடுத்தது நான்தான்.

அன்றிரவு வாப்பாவிடம் தட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "நாங்க விக்காட்டி அடுத்த கடையில வாங்குவாங்க மகள். தட்ட எடுத்தா சாமான் வாங்க வாற ஆளும் குறையும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. என் டியூஷன் காசும் அந்தத் தட்டிலிருந்து வருகிறது. உம்மா மட்டும், "அந்த மனிசிய முதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பாருங்க" என்றார்.

உம்மா சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் புரிந்தது. 1980களில் மத்திய இலங்கையில் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிராமத்து மக்களின் வாயைப் பரிசோதிக்கச் செய்தார்கள். ஒரு வருடத்தில் 28,000க்கும் மேற்பட்டோர் பார்க்கப்பட்டார்கள். சுமார் 1,200 பேரிடம் சந்தேகத்துக்குரிய மாற்றங்கள் கண்டு, வைத்தியரைப் பார்க்கச் சொன்னார்கள். போனவர்கள் பாதியைவிடச் சற்றே அதிகம். கண்டுபிடிப்பது முடிந்த காரியம் என்று அந்த ஆய்வு உலகுக்குக் காட்டியது. கண்டுபிடித்தவரைப் போகவைப்பதுதான் கடினம் என்பதையும் அதுவே காட்டியது.

இதே வரிசை, இன்னொரு கதவு

பெண்பிள்ளைகளான நமக்கு இன்னொரு விடயமும் தெரிந்திருக்க வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் நுண்ணிய காயங்கள் வழியாக இறங்கிக் குடியேறுவதும் அடித்தளக் கலங்களில்தான். இந்தத் தொடர்பை நிறுவிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இலங்கையில் 2017 முதல் தரம் ஆறு மாணவிகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை ஏற்றிய ஊசி இதற்கானதே. என் வகுப்பிலும் பயத்தில் கையெழுத்து வாங்காமல் வந்த பிள்ளைகள் இருந்தார்கள். பெற்றோரே, அந்தத் தாள் வீட்டுக்கு வந்தால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். வைரஸ் அடிவரிசையை அடையும் முன்பே தடுக்கும் வேலி அது.

நாம் என்ன செய்யலாம்?

வாயைப் பார்க்கக் கண்ணாடியும் வெளிச்சமும் போதும். நாங்கள் தினமும் வுழூச் செய்யும்போது வாய் கொப்பளிக்கிறோம். மாதத்தில் ஒருமுறை அதன்பின் கண்ணாடி முன் நின்று கன்னங்களின் உட்புறம், உதட்டின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, இவற்றைப் பார்ப்போம். மூன்று விரல் போகிறதா என்று பார்ப்போம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுவோம். வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு நாம் பார்த்துவிடுவோம். தம்பிமாருக்கு இனிப்புப் பாக்குப் பக்கற் வாங்கிக் கொடுக்காதிருப்போம். புகையிலையை 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பாக்கு விடயத்தில் நம் வீடுதான் காவல்.

பெரியம்மா கடைசியில் போனார். உம்மா அவருடைய மருமகளிடம் பேசி, ஒரு பேர் போனாலும் பரவாயில்லை என்று இருவரையும் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பேராதனைப் பல் வைத்தியசாலையில் கன்னத்தின் வெண்படலத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்களாம். முடிவு வந்த அன்று கடைக்கு வந்து சொன்னார்:

"அடியில மட்டும் கொஞ்சம் கொழம்பியிருக்காம் பாப்பா. தாண்டலையாம்."

அந்த இரண்டு சொற்களுக்குள் ஆசிரியை வரைந்த முழுப் படமும் இருந்தது. விறைத்த கன்னம் பழையபடி ஆகாது என்றும், வெற்றிலையை விட்டுவிட வேண்டும் என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னதாகவும் கூறினார்.

எங்கள் தட்டு இன்னும் முன்னால்தான் இருக்கிறது. புகையிலையை மட்டும் வாப்பா எடுத்துவிட்டார். பாக்கு பற்றி நானும் அவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தட்டுக்கு மேலே தூணில் வாப்பா ஒரு சிறு கண்ணாடியை மாட்டியிருக்கிறார். யார் சுருள் கேட்டாலும் நான் முதலில், "வாயக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க" என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் கண்ணாடியில் பார்க்கிறார்கள்.