பிக்கப்ல கேம்பர் கட்டப் போறீங்களா? இ.எம்.ஐ. போடறதுக்கு முன்னாடி எடை போடுங்க!

வழக்கமா நாம எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டுன்னு பேசுவோம். இன்னைக்கு கிலோ கணக்கு. பர்சனல் ஃபைனான்ஸ் பதிவுல எடை மேடைக்கு என்ன வேலைன்னு கேக்கறீங்களா? முழுசாப் படிங்க. சம்பளக் கணக்கும் வண்டிக் கணக்கும் ஒரே கணக்குதான்னு உங்களுக்கே புரியும்.

என் சித்தப்பா பையன் சரவணம்பட்டில ஐ.டி. வேலைல இருக்கான். டபுள் கேப் பிக்கப் ஒண்ணு வச்சிருக்கான். பின்னாடி தொட்டியில ஒரு சின்ன வீடு மாதிரி கேம்பர் வச்சுட்டா சனி, ஞாயிறு ஊட்டி, வால்பாறைன்னு சுத்தலாம், லாட்ஜ் வாடகை மிச்சம்னு பிளான். அவங்கம்மாவுக்கு முட்டிவலி, நல்ல கட்டில் இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போகலாம்னு ஆசை. பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, பாக்கிக்கு 4 லட்சம் பர்சனல் லோன் அப்ளை பண்ண வேண்டியதுதான் மிச்சம்.

அந்த நேரத்துல எங்க மாமா வீட்டுக்கு வந்தார். சங்ககிரிக்காரர், முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். படத்தைப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏங்கண்ணு, இதெல்லாம் ஏத்துனா மொத்தம் எத்தன கிலோ வருதுன்னு பாத்தயா?"

பாக்கல. பட்டறையில "அறுநூறு கிலோ வருமுங்க, வண்டி ஆயிரம் தாங்கும்" என்று சொன்னதோட சரி. அன்னைக்கு ராத்திரி நாங்க மூணு பேரும் உக்காந்து போட்ட கணக்குதான் இந்தப் பதிவு.

முதல்ல ஆர்.சி.யை எடுங்க

விளம்பரத்துல போட்டிருக்கிற பேலோடை மறந்துடுங்க. உங்க ஆர்.சி.ல ரெண்டு எண் இருக்கும்.

1. காலி எடை (அன்லேடன் வெயிட்): வண்டி மட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் விளக்கப்படி இதுல டிரைவர் எடை சேராது.
2. மொத்த எடை (கிராஸ் வெஹிக்கிள் வெயிட், சுருக்கமா ஜி.வி.டபிள்யூ.): வண்டி, சரக்கு, ஆட்கள் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை.

இரண்டாவதுல இருந்து முதலாவதைக் கழிச்சா வர்றதுதான் நீங்க ஏத்தக்கூடிய பாரம். நம்ம உதாரணத்துக்குக் காலி எடை 1,750 கிலோ, மொத்த எடை 2,750 கிலோன்னு வச்சுக்குவோம். மிச்சம் 1,000 கிலோ. உங்க வண்டிக்கு உங்க ஆர்.சி. சொல்றதுதான் கணக்கு.

இப்ப இதைச் சம்பளமாப் பாருங்க. ஜி.வி.டபிள்யூ.தான் உங்க கிராஸ் சம்பளம். காலி எடைங்கிறது பி.எஃப்., வரி, வாடகை, ஓடிட்டு இருக்கிற இ.எம்.ஐ. மிச்சமிருக்கிறதுலதான் புதுசா எதையும் ஏத்த முடியும். "எனக்கு 80,000 சம்பளம்"னு சொல்லிக் கடன் வாங்கறவரும், "வண்டி 2,750 தாங்கும்"னு பாரம் ஏத்தறவரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க.

பாரத்தின் பட்ஜெட்

பட்டறைக்காரர் பொய் சொல்லல. கூடு எடையை மட்டும் சொன்னார். நாங்க ஒவ்வொண்ணா எழுதினோம்:

- இரும்பு ஃபிரேம்: 40 மி.மீ. ஸ்கொயர் டியூப், 2 மி.மீ. கனம், மீட்டருக்குச் சுமார் 2.4 கிலோ. 40 மீட்டருக்கு 95 கிலோ
- வெளிப்பக்கம் 1 மி.மீ. இரும்பு ஷீட்: எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு 23 கிலோவுக்கு மேல. 6 ஷீட்டுக்கு 140 கிலோ
- உள்ளே 18 மி.மீ. பிளைவுட்: ஷீட்டுக்குச் சுமார் 36 கிலோ. 5 ஷீட்டுக்கு 180 கிலோ
- கதவு, ஜன்னல், மெத்தை, கீல், ஸ்க்ரூ: 110 கிலோ
- 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி 2, இன்வெர்ட்டர்: 135 கிலோ
- சோலார் பேனல் 2: 45 கிலோ
- தண்ணி 100 லிட்டர், டேங்க்: 110 கிலோ
- அடுப்பு, சிலிண்டர், பாத்திரம்: 40 கிலோ
- சின்ன ஃபிரிட்ஜ், ஃபேன், வயரிங்: 40 கிலோ

இதுவரைக்கும் 895 கிலோ. "பரவால்ல, 105 கிலோ மிச்சம் இருக்குதே"ன்னான் தம்பி. மாமா சிரிச்சுட்டு, "நீங்க எல்லாரும் நடந்தே வருவீங்களாக்கும்?"னு கேட்டார்.

- அவன், மனைவி, அம்மா, குழந்தை: 220 கிலோ
- துணிமணி, சாப்பாட்டுச் சாமான்: 60 கிலோ
- ஜாக்கி, டூல்ஸ், கயிறு, மடக்குச் சேர்: 35 கிலோ

மொத்தம் 1,210 கிலோ. அனுமதி 1,000. அதாவது 210 கிலோ ஓவர்லோடு. அதுவும் ஊட்டிக்கு!

கவனிச்சீங்களா? பெரிய ஐட்டம் எதுவும் நம்மளைக் கவுக்கல. பத்து பத்து கிலோவாச் சேர்ந்துதான் எல்லையைத் தாண்டிருச்சு. மாசக் கடைசில ஜிபே ஹிஸ்டரியைத் திறந்து பாத்தா இதே கதைதான்.

எல்லை தாண்டினா என்ன ஆகும்?

*அபராதம்:* 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டப்பிரிவு 194-ன்படி அதிக பாரத்துக்கு ரூ.20,000, அதோட கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. கூடுதல் பாரத்தை இறக்கின பிறகுதான் வண்டி நகரலாம். எடை போட நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமப் போனா ரூ.40,000. லாரிக்கு மட்டும்தானேன்னு நினைக்காதீங்க. பிரிவு 113 "எந்த மோட்டார் வாகனமும்" என்றுதான் சொல்லுது.

*மாற்றம் செய்த குற்றம்:* அதே பிரிவு 113-ல பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கு. வண்டியின் காலி எடையே ஆர்.சி.ல இருக்கிறதைத் தாண்டக்கூடாது. கேம்பரை நிரந்தரமா வெல்டு பண்ணிட்டா அது சரக்கு இல்லை, வண்டியோட உடம்பு. காலி எடை ஏறிடும். அதுக்குப் பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.ல பதியணும். அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ-ல ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ரெண்டும். அதனால கழற்றி இறக்கி வைக்கிற மாதிரி கேம்பரா யோசிங்க. அப்பவும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுத்துமூலமாக் கேட்டு வச்சுக்கறது நல்லது.

*இன்சூரன்ஸ்:* இதுதான் பெரிய அடி. அமலேந்து சாஹூ வழக்குல (2010) உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டின வழிகாட்டுதல்ல, அதிக பாரம் ஏத்தின வண்டிக்கு ஏற்கத்தக்க தொகையில 75%-க்கு மிகாமக் கொடுக்கலாம்னு இருக்கு. 8 லட்சம் கிளைம்னா குறைஞ்சது 2 லட்சம் உங்க பாக்கெட்ல இருந்து போகும். அதோட, கேம்பரைக் கம்பெனிக்குச் சொல்லிப் பாலிசில சேர்க்கலைன்னா அதோட மதிப்பு ஐ.டி.வி.ல இருக்காது.

*பிரேக்:* ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் வரைக்கும் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். அந்தக் கூடுதல் 210 கிலோ மட்டும் இறங்கும்போது விடற சக்தி, சுமார் 12 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். இதுல ஒரு பங்கை செகண்ட் கியர்ல இறங்கினா இன்ஜின் வாங்கிக்கும். மீதி பிரேக்குலதான் சூடா இறங்கும். வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் பின்னாடி உக்காந்திருக்கிறது அம்மாவும் குழந்தையும்.

எங்கே குறைச்சோம்?

நல்லவேளை, ஃபிரேம் மட்டும்தான் வெல்டு ஆகியிருந்தது. மறுநாள் பட்டறைக்குப் போய் நாலே மாற்றம் சொன்னோம்.

- இரும்பு ஷீட்டுக்குப் பதில் 1 மி.மீ. அலுமினியம். ஷீட்டுக்கு 8 கிலோதான். மிச்சம் 92 கிலோ
- 18 மி.மீ. பிளைவுட்டுக்குப் பதில் 12 மி.மீ. மிச்சம் 60 கிலோ
- ரெண்டு டியூபுலருக்குப் பதில் ஒரு லித்தியம் பேட்டரி. மிச்சம் 100 கிலோ
- தண்ணி 100 லிட்டருக்குப் பதில் 40. போற வழியில பிடிச்சுக்கலாம். மிச்சம் 60 கிலோ

மொத்தம் 312 கிலோ குறைஞ்சது. 1,210 போய் 898 ஆச்சு. எல்லைக்குக் கீழே 102 கிலோ இடைவெளி. இந்த இடைவெளியை நிரப்பாதீங்க! திரும்பி வரும்போது கேரட், பீட்ரூட் மூட்டை, ஈரமான டார்ப்பாலின், கூட வர்ற ஒரு மச்சான்னு ஏதாவது ஏறத்தான் செய்யும். பத்து சதவீத இடைவெளிதான் வண்டியோட எமர்ஜென்சி ஃபண்ட்.

மொத்த எடை சரியா இருந்தா மட்டும் போதாது

பாரம் எங்கே உக்காருதுங்கிறதும் முக்கியம். தண்ணி டேங்க், பேட்டரி மாதிரி கனமானதைத் தாழ்வா, பின் அச்சுக்கு முன்னாடி வைங்க. எல்லாம் கடைசில இருந்தா முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி குறையும்.

டயர் ஓரத்துல சைஸுக்குப் பக்கத்துல ஒரு எண் இருக்கும், அதுதான் லோடு இண்டெக்ஸ். 104-ன்னா ஒரு டயர் 900 கிலோ, 112-ன்னா 1,120 கிலோ. பின் அச்சு எடை 1,850 கிலோ வந்து, ரெண்டு டயரும் 104-ஆ இருந்தா 1,800 கிலோவுக்குத்தான் தகுதி. மொத்த எடை சரியா இருந்தாலும் டயர் ஃபெயில்.

இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். நம்ம ஊர்ப் பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. முழு வண்டியை ஒரு தடவை, பின் சக்கரத்தை மட்டும் மேடைல நிறுத்தி ஒரு தடவை எடை போட்டுச் சீட்டு வாங்குங்க. வேலைக்கு முன்னாடி காலி வண்டி, வேலை முடிஞ்ச பிறகு, முதல் டிரிப்புக்கு எல்லாரும் ஏறின பிறகுன்னு மூணு தடவை போடணும்.

இப்ப ரூபாய்ப் பக்கம்

4 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 4 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் ரூ.10,930. மொத்தம் கட்டறது ரூ.5.25 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. வட்டி மட்டும் ஏறக்குறைய 1.25 லட்சம்.

வருஷத்துக்கு எத்தனை டிரிப் போவேன்னு தம்பியைக் கேட்டேன். "மாசம் ஒண்ணு"ன்னான். அவன் மனைவி உள்ளேயிருந்து, "போன வருஷம் நாலு தடவைதானுங்க போனோம்"னு குரல் கொடுத்தாங்க. சரி, ஆறுன்னே வச்சுக்குவோம். வருஷ இ.எம்.ஐ. ரூ.1,31,160-ஐ ஆறால வகுத்தா ஒரு டிரிப்புக்கு ரூ.21,860. டீசல் இன்னும் போடல! லாட்ஜ் வாடகை மிச்சம்ங்கிற பேச்சு அங்கயே முடிஞ்சது.

அதுக்காகக் கேம்பரே வேண்டாம்னு நான் சொல்லல. ஆசைக்கும் பட்ஜெட்ல இடம் இருக்கணும். அவன் வேலையை ஆறு மாசம் தள்ளிப் போட்டு, போனஸும் சேமிப்பும் சேர்த்து 2 லட்சம் கையில வச்சுட்டு, மீதி 2 லட்சத்துக்கு மட்டும் லோன் போட்டான். இ.எம்.ஐ. ரூ.5,465. பாதி.

கடைசியா எடை மேடையில சீட்டு வந்தப்போ நான் கூட இருந்தேன். ஆட்கள், தண்ணி, சாமான் எல்லாம் சேர்த்து 2,660 கிலோ. எல்லைக்கு 90 கிலோ கீழே. மாமா அந்தச் சீட்டை வாங்கிப் பாத்து, மடிச்சு, ஆர்.சி. கவருக்குள்ளயே வச்சுட்டு, "சரி, இப்பப் போங்க"ன்னார். அம்மா முதல் தடவையா தொட்டபெட்டால விடியறதைப் பாத்தாங்க.

உங்களுக்கு ஹோம்வொர்க்

1. ஆர்.சி.ல காலி எடை, மொத்த எடை ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க.
2. ஏத்தப் போற ஒவ்வொண்ணுக்கும் கிலோ போடுங்க. ஆட்களை மறக்காதீங்க.
3. கூட்டுத்தொகை அனுமதிச்ச பாரத்துல 90%-ஐத் தாண்டினா டிசைனை மாத்துங்க.
4. அதே பேப்பரைத் திருப்பிப் பின்பக்கம் சம்பளம், கட்டாயச் செலவு, புது இ.எம்.ஐ. எழுதுங்க. அங்கயும் 10% இடைவெளி இருக்கான்னு பாருங்க.
5. ரெண்டு பக்கமும் பாஸானா மட்டும் அட்வான்ஸ் கொடுங்க.

கேம்பர் மட்டுமில்லை. மினி டிரக்ல பார்ட் டைமா ஃபுட் டிரக் போடலாம்னு இருக்கிற நண்பர்களுக்கும் இதே கணக்குதான். தோசைக்கல்லும் மாவு டிரம்மும் கிலோவுலதான் வரும்!

இந்தக் கணக்கையே நம்ம சேனல்ல போர்டுல எழுதி வீடியோவாப் போட்டிருக்கோம். வண்டி மாத்தற பிளான்ல இருக்கிற உங்க ஆபீஸ் நண்பருக்கு அனுப்பி வைங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.